சென்னியப்பன் வண்டியில் ஒரு சத்தம்

நாச்சிமுத்துவுக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருடைய குருவுக்கு இருபத்தொன்பது.

குருவின் பெயர் லோகநாதன். காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற சாலையில், தகரக் கூரை போட்ட ஒரு பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். ஊருக்கு அவர் லோகு மேஸ்திரி. எதிரில் டீக்கடை வைத்திருந்தவர் அந்த ஒர்க்‌ஷாப்புக்குச் சுவாமிமலை என்று பேர் வைத்துவிட்டார். அப்பன் கைகட்டி நிற்க, பிள்ளை பாடம் சொல்கிற இடமாம். "சுவாமிமலைக்கு ரெண்டு டீ" என்று அவர் குரல் கொடுக்கும்போதெல்லாம் நாச்சிமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வரும். டீயை மட்டும் குடித்துவிடுவார்.

நாச்சிமுத்து ஒன்றும் தெரியாமல் வந்தவர் இல்லை. ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிற வண்டியோடு வடநாடெல்லாம் சுற்றியவர். பாறையைத் துளைக்கிற கம்ப்ரசரின் இஞ்சின் நடுக்காட்டில் நின்றுபோனால், அங்கேயே தார்ப்பாயை விரித்துப் பிரித்து மாட்டிவிடுவார். அலைந்தது போதும் என்று ஊர் திரும்பி, பைக் வேலை கற்க லோகுவிடம் சேர்ந்தார். அந்தக் கம்ப்ரசருக்கு முன்னால் பைக் இஞ்சின் ஒரு விளையாட்டுச் சாமான். அவர் பிரிக்க உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் டீ குடித்து முடிப்பதற்குள் இஞ்சின் ஹெட் தனியாக, சிலிண்டர் போர் தனியாகத் தட்டில் கிடக்கும். கற்க வேண்டியதெல்லாம் கற்றாகிவிட்டது என்பது அவருடைய முடிவு.

நால்ரோட்டில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டார். மருமகன் போர்டும் எழுதி மாட்டிவிட்டான். கடை திறப்பதுதான் பாக்கி.

அங்கேதான் சிக்கல். அந்தப் பக்கத்து மெக்கானிக்குகளிடம் ஒரு வழக்கம் உண்டு. தொழில் கற்றவர் தனிக்கடை போட்டால், முதல் வண்டியைக் குருதான் அனுப்ப வேண்டும். குரு அனுப்பாமல் திறந்த கடைக்கு லேத்துக்காரர் வேலை செய்து தரமாட்டார். பக்கத்துக் கடைக்காரர் ஒரு ஸ்பேனரைக்கூட இரவல் கொடுக்கமாட்டார். சட்டமும் இல்லை, சங்கத் தீர்மானமும் இல்லை. ஆனால் அப்படித்தான் நடந்துவருகிறது.

நாச்சிமுத்து கேட்டார்.

"மேஸ்திரி, எனக்கு மொத வண்டி எப்பங் அனுப்பறீங்?"

லோகு ஒரு ஸ்கூட்டரின் ஒயரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"சென்னியப்பப் பெரியப்பா வண்டியில ஒரு சத்தம் இருக்குதுங்ணா. அத எடுத்துக் குடுத்துருங். அனுப்பிச்சுடறேன்."

இவ்வளவுதானா என்று நாச்சிமுத்து சந்தோஷப்பட்டார். பாவம்.

சென்னியப்பன் பால்காரர். அறுபதை நெருங்கியவர். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாலை வாங்கி, வண்டியின் இரண்டு பக்கமும் தொங்குகிற கேன்களில் நிரப்பிக்கொண்டு வந்து சொசைட்டியில் ஊற்றுவார். ஊற்றிவிட்டு, கேன்களைக் கழுவி மாட்டிக்கொண்டு, நேரே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். நல்ல மனுஷன்தான். ஒரே குறை, ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் மாடு சினைப்பட்டதிலிருந்து வருவார்.

"ஏனுங், பாலெடுத்துட்டு வர்றப்பங், நம்ம செல்லாத்தா தோட்டம் தாண்டி, அந்த மேட்டுல..."

"சத்தம் வருது. அவ்வளவுதானுங்?"

"ஆமாங். டக்கு டக்குன்னு. அது எப்படின்னாங்..."

"வண்டிய உள்ள தள்ளுங். நான் பாத்துக்கறேன்."

நாச்சிமுத்து வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திக் கிக்கரை உதைத்தார். ஆக்சிலேட்டரை முறுக்கினார். ஸ்குரூடிரைவரின் முனையை இஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கேட்டார். இஞ்சின் தையல் மெஷின் மாதிரி சீராக ஓடியது. சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்தார். ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்று சொல்லி வண்டியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். எந்த மெக்கானிக் அப்படிக் கொடுத்திருக்கிறார்? கை சும்மா இருக்குமா? ஹெட்டைக் கழற்றினார். கரியைச் சுரண்டினார். வால்வைத் தேய்த்தார். வால்வை அசைக்கிற டேப்பட்டைச் சரிபார்த்து மூடினார்.

"சரி பண்ணிட்டனுங். போய்ட்டு வாங்."

நாலு நாள் கழித்து சென்னியப்பன் வந்து நின்றார். இரண்டு பக்கமும் காலி கேன்கள் ஆடின.

"ஏனுங், தப்பா நெனைக்காதீங். பாலெடுத்துட்டு வர்றப்ப..."

"இன்னுமா வருது?"

"வருதுங்."

மறுபடியும் ஸ்டாண்ட். மறுபடியும் கிக்கர், ஸ்குரூடிரைவர், காது. சத்தம் இல்லை. மறுபடியும் ஹெட்டைக் கழற்றினார். இந்தத் தடவை டைமிங் செயினை மாற்றினார். சென்னியப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அதெல்லாம் எனக்குத் தெரியுங்" என்று நாச்சிமுத்து அவரை அடக்கிவிட்டார்.

அடுத்த வாரம் மறுபடி.

"ஏனுங்..."

நாச்சிமுத்து கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டார். என்ன ரோதனை இது! ஊரில் எத்தனை பேருக்கு எத்தனை வண்டி இருக்கிறது. இந்தக் குரு இந்த மனுஷனின் வண்டியைத்தானா பிடித்துத் தன் தலையில் கட்ட வேண்டும்? ஷெட் பூட்டிக் கிடக்கிறது. போர்டில் தூசி படிகிறது. வீட்டுக்குப் போனால் மனைவி வேறு, "கடை தொறக்கறீங்களா, இல்ல அதுல கோழி வளக்கட்டுமா?" என்று கேட்கிறாள்.

அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் சிலிண்டர் போரையே இறக்கினார். பிஸ்டனை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாக இருந்தது. ஆனாலும் ரிங்கை மாற்றினார். சென்னியப்பன் ஓரமாக உட்கார்ந்து, தன் மாட்டுக்கு ஊசி போடுவதைப் பார்ப்பவர் போல எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடினார். டேப்பட்டை இன்னொரு தடவை வைத்தார். உதைத்தார். முறுக்கினார்.

"கிட்ட வாங். நல்லாக் கேளுங். எங்கீங் சத்தம்?"

சென்னியப்பன் குனிந்து கேட்டார்.

"இப்ப இல்லீங்."

"அப்பறம்?"

"இப்பிடி நிக்கறப்ப இருக்காதுங். போறப்பவும் இருக்காது. வர்றப்பத்தான்..."

"போய்ட்டு வாங் சாமி!"

நாச்சிமுத்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். அது மரியாதைக்குப் போட்ட கும்பிடு இல்லை. சென்னியப்பனுக்கும் அது தெரிந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

மத்தியானம் சோற்றுப் போசியைத் திறந்து வைத்துக்கொண்டு நாச்சிமுத்து வெடித்தார். வந்த கோபத்தில் மேஸ்திரி தம்பியாகிவிட்டார்.

"ஏந்தம்பி, அந்தாளு வண்டியில சத்தமே இல்ல. சத்தம் அவரு காதுல இருக்குது. நானும் மூணு தடவ பிரிச்சுப் பாத்துட்டேன். இல்லாத சத்தத்த நான் எப்படி எடுக்கறது? சொல்லுங். எப்படி எடுக்கறது?"

லோகு ரசஞ்சோற்றைப் பிசைந்தார்.

"உங்களத்தான் கேக்கறேன்."

"கேட்டுதுங்ணா."

"பதில் சொல்லுங்."

"சாப்புடுங்ணா. மூணு மணிக்குப் பால் கறக்க ஆரம்பிச்சிருவாங்."

"அதுக்கு?"

"இன்னைக்குச் சாயங்காலப் பால நீங்க போய் எடுத்துட்டு வாங். பெரியப்பா வண்டியிலயே."

நாச்சிமுத்து கையில் இருந்த சோற்றைப் போசியிலேயே போட்டார்.

"நான் மெக்கானிக்குங். பால்காரன் இல்ல."

"சரிங்ணா."

"நாக்பூர்ப் பக்கம் நட்ட நடுக்காட்டுல கம்ப்ரசர் எறக்கி ஏத்துனவன் நானு."

"தெரியுங்ணா."

"இந்த ஊரே பாத்துச் சிரிக்கறாப்பல, கேனத் தூக்கிட்டு நான் தோட்டந் தோட்டமா..."

"மொத வண்டி வேணுமில்லீங்?"

இவனை ஓங்கி ஓர் அறை விட்டால் என்ன என்று நாச்சிமுத்துவுக்குத் தோன்றியது நிஜம். வயசில் சின்னவன், சொல்லித் தருகிறவன். அறையவும் முடியாது, அதட்டவும் முடியாது. சோற்றை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு எழுந்தார்.

சென்னியப்பனுக்கு ஒரே சந்தோஷம். நாச்சிமுத்துவின் மொபட்டை அவர் ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தார். பால் வண்டியில் முன்னால் போன நாச்சிமுத்துவைப் பார்த்து டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார்.

"ஏனுங், சுவாமிமலையில பாலாபிசேகமுங்களா?"

நாச்சிமுத்து திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் தோட்டத்தில் நாய் துரத்தியது. இரண்டாவது தோட்டத்தில் ஒரு அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்து, "புதுப் பால்காரருங்களா? அளவெல்லாம் சரியா இருக்கோணும்" என்றாள். மூன்றாவதில் கன்றுக்குட்டி அவர் சட்டையை நக்கியது. ஒவ்வொரு தோட்டத்திலும் சென்னியப்பன் நின்று மாடு, மழை, மருமகள் என்று பேசினார். ஒவ்வொரு தோட்டத்திலும் நாச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கேன்கள் நிறைய நிறைய வண்டி கையை மீறி ஆடியது. மூடியிலிருந்து தளும்பிய பால் கால்சட்டையை நனைத்தது. கம்ப்ரசர் இறக்கிய கை! நால்ரோட்டுக் கடையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், நாளைக்கே மறுபடி போர் வண்டி ஏறிவிடலாமா என்றுகூட யோசித்தார்.

செல்லாத்தா தோட்டம் தாண்டி மேடு ஆரம்பித்தது. வண்டி திணறியது. இரண்டாவது கியருக்கு மாற்றினார்.

டக்.

காலுக்கு அடியில்.

டக். டக். டக்.

நாச்சிமுத்து பாதி மேட்டில் காலை ஊன்றி நின்றுவிட்டார். ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகத் திருகிப் பார்த்தார். டக் டக். இஞ்சினுக்குள் இருந்து வருகிற சத்தம் அது இல்லை. அதற்கும் கீழே, வண்டியின் சட்டமான சேசிஸிலிருந்து வந்தது. ஹெட்டிலும் போரிலும் அவர் இரண்டு வாரமாகத் தேடியதற்குச் சம்பந்தமே இல்லாத இடம்.

மொபட் பக்கத்தில் வந்து நின்றது. சென்னியப்பன் அவர் முகத்தையே பார்த்தார்.

"கேட்டுதுங்களா?"

"கேட்டுதுங்."

"நெசமாவே கேட்டுதுங்களா?"

"நெசமாத்தானுங்."

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"எனக்குக் காது போயிருச்சுன்னு ஊட்ல சொல்லிட்டாங். பையன், வண்டிய வித்துப்போட்டு மூலையில உக்காருங்கறான். பேரன் பேத்தியெல்லாம் நான் போறப்ப டக்கு டக்குன்னு சொல்லிச் சிரிக்குதுக. நான் பைத்தியமில்லீங்களே?"

"இல்லீங்."

அதைச் சொல்லும்போது நாச்சிமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வீட்டார் சொன்னதைத்தான் மத்தியானம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அவரும் சொன்னார்.

பாலை ஊற்றிவிட்டு வந்து பார்த்ததில் விஷயம் தெரிந்தது. இஞ்சினைச் சேசிஸோடு பிடித்திருக்கிற பின்பக்கப் பவுண்டேசன் போல்ட் நடுவில் முறிந்திருந்தது. வெளியே தலை மட்டும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது. வண்டி காலியாக இருந்தால் இஞ்சின் அசையாது. இரண்டு கேன் பாலோடு மேட்டில் ஏறினால் இஞ்சின் ஆடிச் சேசிஸில் இடித்தது. புது போல்ட்டைப் போட்டு முடுக்கினார். வேலை அவ்வளவுதான்.

மறுநாள் காலைப் பாலோடு சென்னியப்பன் மேட்டில் ஏறினார். ஒரு சத்தமும் இல்லை. வந்து சொல்லிவிட்டு, ஒரு சொம்பு பாலையும் வைத்துவிட்டுப் போனார்.

நாச்சிமுத்துவுக்கு லோகுவிடம் கேட்க ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது.

"பவுண்டேசன் போல்ட்டுன்னு உங்களுக்கு முந்தியே தெரியுமுங்களா?"

"தெரியாதுங்ணா."

"தெரிஞ்சுக்கிட்டுத்தான என்னையப் பால் சொமக்க உட்டீங்?"

"சத்தியமாத் தெரியாதுங்ணா. பெரியப்பாவுக்குத்தான் தெரியும்."

"அவருக்கு என்ன தெரியும்? போல்ட்டு எது, நட்டு எதுன்னே தெரியாது."

லோகு வாளியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டு அடுத்த வண்டியிடம் போனார்.

நாச்சிமுத்து அதோடு விட்டுவிட்டார். சத்தம் போயாகிவிட்டது. குரு வாக்குக் கொடுத்திருக்கிறார். இனி இந்தக் கொட்டகையில் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை கடை திறப்பு. வாழைமரம் கட்டியாகிவிட்டது. சொந்தபந்தமெல்லாம் வந்துவிட்டது. லேத்துக்காரர் வேட்டி சட்டையில் வந்திருந்தார். பக்கத்துக் கடை மெக்கானிக்குகள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து கேசரி தின்றார்கள். எல்லோரும் சாலையையே பார்த்தார்கள். குரு என்ன வண்டி அனுப்பப் போகிறார்?

நாச்சிமுத்துவுக்கு மனசில் ஒரு வண்டி இருந்தது. லோகுவிடம் முதல் சர்வீசுக்கு வந்திருந்த சிவப்பு வண்டி. சீட்டின் பாலித்தீன் உறைகூட இன்னும் கிழிக்கவில்லை. அதை போர்டுக்குக் கீழே நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும். மாலையும் அந்த அளவுக்குத்தான் வாங்கி வைத்திருந்தார்.

தூரத்தில் ஒரு வண்டி வந்தது. இரண்டு பக்கமும் என்னவோ ஆடிக்கொண்டு வந்தது.

கேன்.

லோகு ஓட்டிவர, பின்னால் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். வண்டி வாழைமரத்துக்குக் கீழே வந்து நின்றது. நாற்காலி வரிசையில் யாரோ கேசரியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார்கள். ஆரத்தித் தட்டோடு நின்ற நாச்சிமுத்துவின் மனைவி, சுற்றலாமா வேண்டாமா என்று கணவனைப் பார்த்தாள்.

சென்னியப்பன் இறங்கி வந்தார்.

"ஏனுங், அந்தச் சத்தம் சுத்தமாப் போயிருச்சுங். நீங்க நல்லா இருக்கோணும். இப்ப வேறொண்ணு வருதுங். சிறுசு. முந்தி இல்ல."

நாச்சிமுத்து கேன்களைப் பார்த்தார்.

"பாலெடுத்துட்டு வர்றப்பங்களா?"

"இல்லீங். எப்பவுமே வருது."

நாச்சிமுத்து புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை ஸ்டாண்டில் போட்டு உதைத்தார். ஸ்குரூடிரைவர் தேவைப்படவில்லை. அவருக்கு நன்றாகவே கேட்டது. டிக், டிக், டிக் என்று ஹெட்டுக்குள்ளிருந்து வந்தது. டேப்பட். மூன்று தடவை பிரித்து, மூன்று தடவையும் தன் கையால் வைத்து முடுக்கிய டேப்பட். கடைசித் தடவை ஆத்திரத்தில் முடுக்கியது சரியாகப் பிடிக்கவில்லை.

வண்டியை அணைத்தார். லோகுவின் கையைப் பிடித்து வாழைமரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தத்தான் நினைத்தார். முடியவில்லை.

"இது முந்தி இல்லையே மேஸ்திரி?"

"இல்லீங்ணா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, உங்க கடைக்கே வந்து சரி பண்ணிக் குடுத்திருப்பனே? சொந்தபந்தமெல்லாம் பாக்குது. லேத்துக்காரரு பாக்கறாரு. உங்ககிட்ட அத்தன வண்டி நிக்குது. மொத வண்டின்னு இத ஏனுங் இங்க கொண்டாந்தீங்?"

லோகு சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"அந்தச் சத்தம் பெரியப்பா கொண்டாந்ததுங்ணா. இது நாம குடுத்தனுப்புனது. வேற எந்தக் கடைக்குங் கொண்டுட்டுப் போறது?"